கோபம் வந்தால் புத்தி எங்கே போகிறது? உணர்ச்சியும் சுயகட்டுப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை பெற்றோர் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். தேநீர், உளுந்து வடை, பிள்ளைகளைப் பற்றிய புலம்பல். நான் உளவியல் படித்துவிட்டுத் துணைப்பாட ஆசிரியையாகக் காலம் தள்ளுபவள். அதனால் மூளை சம்பந்தப்பட்ட கேள்வியெல்லாம் என் பக்கம் தள்ளிவிடப்படும். இந்த மாதம் ஒருவர் கேட்டதை அடுத்த மாதம் இன்னொருவர் கேட்பார். திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. நான் மருத்துவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோபம் வந்தால் நான் நானாகவே இல்லை, அக்கா. உள்ளே என்னதான் நடக்கிறது?

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று பாட்டிமார் சொன்னதை நரம்பியல் ஏறக்குறைய அப்படியே ஒப்புக்கொள்கிறது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்கு முன்மூளைப் புறணி என்று பெயர். யோசிப்பது, திட்டமிடுவது, வாய்வரை வந்த சொல்லை விழுங்குவது எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை. மூளையின் அடியில், இரண்டு பக்கமும் காதுக்கு நேராக உள்ளே, பாதாம்கொட்டை அளவில் அமிக்டலா இருக்கிறது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கே பாதாம் என்றுதான் பொருள். வருகிற செய்தியில் ஆபத்து இருக்கிறதா, இது எனக்கு முக்கியமா என்று சலித்துப் பார்ப்பது அது. ஆபத்து என்று பட்டால் உடனே உடம்பை உசுப்பிவிடும். அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நொடிகளில் ஏறிவிடும். கார்டிசால் என்ற இன்னொன்று மெதுவானது, உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். சண்டை முடிந்து அரைமணி நேரம் கழித்தும் பாத்திரத்தை டமார் டமார் என்று வைக்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருடங்களாக ஆராய்ந்த ஒரு விஷயம் இங்கே முக்கியம். முன்மூளையின் நரம்பணுக்களுக்கு நோர்அட்ரினலின், டோபமைன் என்ற இரண்டு ரசாயனங்கள் தேவை. ஆனால் சாம்பாருக்கு உப்பு மாதிரி. குறைந்தால் சப்பென்று இருக்கும், அதாவது தூக்கக் கலக்கம், கவனமின்மை. அளவோடு இருந்தால் புத்தி கூர்மை. கூடிப்போனால் அந்த அணுக்களுக்கு இடையிலான தொடர்பு தளர்ந்து, முன்மூளையின் பிடி விட்டுப்போகிறது. அப்போது நிர்வாகம் பழக்கத்தின் கைக்குப் போய்விடும். இருபது வருடத்துக்கு முன் அப்பா நம்மைத் திட்டிய அதே வாக்கியம் நம் வாயிலிருந்து அதே ராகத்தில் வருவது அதனால்தான் என்பது என் கணிப்பு.

வாட்ஸ்அப்பில் "அனுப்பு" பொத்தானை அழுத்துகிற அந்த நொடியில் நிறுத்த முடியாதா?

நிறுத்துவதற்கென்றே மூளையில் ஒரு பிரேக் உண்டு. வலது முன்மூளையின் கீழ்ப்பகுதிக்கு அதில் பெரிய பங்கு. ஆய்வுக்கூடத்தில் இதை அளப்பது எளிது. திரையில் அம்புக்குறி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், கூடவே "நில்" என்ற சமிக்ஞை வந்தால் அழுத்தக் கூடாது. நல்ல நிலையில் இருக்கும் மனிதருக்கே இந்த பிரேக் பிடிக்கக் கால் நொடி போல ஆகிறது. 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனதைக் கலக்கும் படத்தை நடுவில் காட்டினால் பிரேக் பிடிப்பது இன்னும் தாமதமானது. அருவருப்பான படம் மட்டுமல்ல, கிளுகிளுப்பூட்டும் படமும்தான். அதாவது உணர்ச்சி நல்லதா கெட்டதா என்பதைவிட, எவ்வளவு சூடு என்பதே கணக்கு.

என் கதை ஒன்று. மாமியாரின் கண் அறுவைசிகிச்சைச் செலவை யார் எவ்வளவு பகிர்வது என்று குடும்பக் குழுவில் பேச்சு. பாசிர் ரிஸ் போகும் ரயிலில் நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறுகையின் கட்டைவிரலால் நாலு வரி தட்டினேன். மூன்றாவது வரி நாத்தனாரைப் பற்றியது. அழுத்திய அடுத்த கணமே "ஐயோ" என்றது மனசு. கதவு திறந்து மூடுவதற்குள் நீக்கியும்விட்டேன். ஆனால் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி அங்கேயே நின்றது. அதைப் பார்த்து அவரவர் மனதில் எழுதிக்கொண்டது நான் எழுதியதைவிட மோசம்.

கால் நொடியோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. அதனால் இப்போது குடும்ப விஷயம் எதையும் அந்த உரையாடலுக்குள் தட்டுவதில்லை. குறிப்பேட்டுச் செயலியில் எழுதி, வீட்டுக்குப் போய் வெட்டி ஒட்டுவேன். பாதி செய்திகள் ஒட்டப்படாமலே போகின்றன.

முன்மூளைதான் கட்டுப்பாட்டின் இடம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பல வழிகளில். எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிற கதை ஃபினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும்போது, மூன்றரை அடிக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. ஆள் பிழைத்துக்கொண்டார். பேச்சும் அறிவும் இருந்தன. ஆனால் நிதானமானவர் என்று பெயர் எடுத்தவர், சட்டென்று சீறுபவராகவும் எடுத்த காரியத்தை முடிக்காதவராகவும் மாறிவிட்டார் என்று அவருடைய மருத்துவர் எழுதினார்.

கதையை இங்கேயே முடிப்பார்கள். அது முழுக்கதை இல்லை. கேஜ் பின்னர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடங்கள் குதிரைவண்டி ஓட்டிச் சம்பாதித்தார். ஒழுங்கான அன்றாட வேலை அவரை ஓரளவு மீட்டிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் பிடிக்கும்.

அப்படியானால் உணர்ச்சியே இல்லாமல் இருந்தால் நல்ல முடிவு எடுக்கலாமே?

இல்லை. அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். ஆய்வுகளில் அவரை எலியட் என்று குறிப்பிடுவார்கள். மூளைக்கட்டி அறுவைசிகிச்சையில் முன்மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. அறிவுத்திறன் சோதனையில் நல்ல மதிப்பெண். ஆனால் எதுவும் மனதைத் தொடவில்லை. விளைவு? எந்த ஆவணத்தை எப்படி அடுக்குவது என்று நாள் முழுக்க யோசிப்பார். வேலை போனது, சேமிப்பு போனது, திருமணமும் முறிந்தது. இது முக்கியம், இது இல்லை என்று சொல்ல உள்ளே ஒரு குரல் வேண்டியிருக்கிறது. அந்தக் குரல்தான் உணர்ச்சி. சாலையைக் கடக்கும்போது பிள்ளையின் கையை இறுகப் பிடிக்கவைப்பதும் அதே பயம்தானே.

கேள்வித்தாளைப் பார்த்ததும் என் மகன் உறைந்துவிடுகிறான். வீட்டில் போட்ட அதே கணக்கு! சோம்பேறித்தனமா?

தொடக்கநிலை 6 பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். போன வருடம் என்னிடம் படித்த ஒரு பையனைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வீட்டிலேயே போய்ச் சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டு மேசை, மேலே சுழல்கிற விசிறி, எதிரே கடிகாரம். பின்னச் சொற்கணக்கு. முதல் இரண்டு வரி சரியாக எழுதினான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவன் நாற்காலி முதுகில் கையை வைத்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் மூன்றாவது வரியை அழித்தான், எழுதினான், மறுபடி அழித்தான். தாள் கிழிந்து, விரல் நுனி அளவு ஓட்டை விழும்வரை அழித்தான். "ஐந்தில் மூன்று பங்கு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டேன். மூன்று நிமிடத்துக்கு முன் அவனே எனக்கு விளக்கியது அது. என்னை வெறித்துப் பார்த்தான்.

சொற்கணக்குப் போடும்போது மூன்று நான்கு எண்களையும் "யாரிடம் எவ்வளவு" என்பதையும் ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ள வேண்டும். இதைச் செயல்நினைவு என்பார்கள். முன்மூளையை நம்பியிருக்கும் வேலை அது. இடமும் குறைவு. "தப்பாகிவிட்டால் அம்மா..." என்ற எண்ணம் உள்ளே நுழைந்தால் அது சும்மா ஓரமாக உட்காராது, எண்களுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பையனுக்குக் கணக்கு மறக்கவில்லை. ஏந்திக்கொள்ளக் கை காலியாக இல்லை.

இதற்கு நான் செய்வது மிகச் சாதாரணமானது. மனதில் வைப்பதைக் காகிதத்துக்கு மாற்றச் சொல்வேன். படித்த வரிக்குப் பக்கத்திலேயே கட்டம் போடு, எண்ணை எழுது, அப்புறம் யோசி. பதற்றம் வந்தாலும் காகிதத்தில் இருப்பது ஓடிப்போகாது. அம்மாவிடமும் ஒன்று கேட்டுக்கொண்டேன்: அந்த ஒரு மணி நேரம் காப்பிக்கடைக்குப் போய்வாருங்கள் என்று. அவருக்கு வருத்தம்தான். ஆனால் போனார். தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் மொத்தப் புள்ளி 4லிருந்து 32 வரை போகும், குறைவாக இருந்தால்தான் நல்லது என்று நமக்குத் தெரியும். அந்த எண் மேசையில் இன்னொரு ஆளாக உட்கார்ந்திருப்பது பிள்ளைக்கும் தெரியும்.

சோகமாக இருந்தால் நான் செயலியில் எதையாவது வாங்கிக்கொண்டே இருக்கிறேன். ஏன்?

2013ல் ஹார்வர்டின் ஜெனிஃபர் லெர்னரும் சகாக்களும் செய்த ஆய்வு இதற்குப் பொருந்தும். சோகமான காணொளி பார்த்தவர்கள், பொறுத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையைவிட இப்போதே கைக்கு வரும் சிறிய தொகையை அதிகம் விரும்பினார்கள். சோகம் என்பது எதையோ இழந்த உணர்வு. உடனே எதையாவது எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்க்கிறது மனசு.

மறுபக்கமும் உண்டு. நன்றியுணர்வு தோன்றும்படி ஒரு சம்பவத்தை நினைத்து எழுதியவர்கள் கூடுதல் பொறுமை காட்டினார்கள் என்று 2014ல் டேவிட் டிஸ்டெனோ குழு கண்டது. ஆக எல்லா உணர்ச்சியும் கட்டுப்பாட்டைக் கெடுப்பதில்லை, சிலது தாங்கியும் பிடிக்கிறது. இந்த விஷயத்துக்குப் போதிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

அந்த மிட்டாய் சோதனையில் என் பிள்ளை தோற்றுவிட்டான். எதிர்காலம் அவ்வளவுதானா?

வீட்டில் காணொளி பார்த்துச் செய்திருப்பீர்கள். 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் தொடங்கிய சோதனை அது: இப்போதே சாப்பிட்டால் ஒரு மார்ஷ்மெல்லோ, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று பேசப்பட்டது. 2018ல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவோடு பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியளவுதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் சேர்த்துக் கணக்கிட்டதும் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. எனவே நிம்மதியாக இருங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1972ல் மிஷல் செய்த சோதனையில் சில பிள்ளைகளிடம் "ஜாலியான விஷயத்தை நினைத்துக்கொண்டிரு" என்றார்கள், சிலரிடம் "சோகமானதை நினை" என்றார்கள். ஜாலிக் கூட்டம் நெடுநேரம் தாக்குப்பிடித்தது. சோகக் கூட்டம் சீக்கிரமே கையை நீட்டிவிட்டது. பிள்ளைக்கு எவ்வளவு மன உறுதி என்று கேட்பதற்கு முன், அந்த நேரத்தில் அவன் மனநிலை என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

மன உறுதி பேட்டரி மாதிரி தீர்ந்துபோகுமாமே?

1998ல் ராய் பௌமைஸ்டர் குழு அப்படிச் சொன்னது, உலகமே நம்பியது. 2016ல் 23 ஆய்வுக்கூடங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு ஏறக்குறைய பூஜ்ஜியம். களைப்பு உண்மை. பேட்டரி உவமைதான் சந்தேகம்.

தூக்கம் வேறு கதை. 2007ல் ஏறத்தாழ 35 மணி நேரம் விழித்திருந்தவர்களின் மூளையைப் படம்பிடித்தபோது, மோசமான படங்களுக்கு அமிக்டலா 60 விழுக்காடு கூடுதலாகத் துள்ளியது. அதைத் தட்டிக்கொடுக்கும் முன்மூளைப் பகுதியோடு இருந்த தொடர்பும் பலவீனமாகியிருந்தது. இரவு ஷிஃப்ட் முடித்து வரும் கணவரிடம் காலையிலேயே மின்கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அக்காமார்களே.

மகனுக்குப் பதினெட்டு. தேசிய சேவைக்கே போகப்போகிறான். இன்னுமா நிதானம் வரவில்லை?

முன்மூளை முழுதாகப் பக்குவப்பட இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். 2016ல் வந்த ஓர் ஆய்வில் 18 முதல் 21 வயதுக்காரர்கள், சாதாரண நேரத்தில் பெரியவர்கள் போலவே கட்டுப்பாடு காட்டினார்கள். ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற மிரட்டல் சூழலில் மட்டும் சறுக்கினார்கள். ஒரே பையன் ராணுவ முகாமில் கச்சிதமாகவும் வீட்டில் கதவை அறைந்து சாத்துபவனாகவும் இருப்பது நடிப்பு அல்ல.

நாலு நம்பர் லாட்டரி எடுப்பதை என்னால் விட முடியவில்லை. ஒரு எண்ணில் தப்பிப்போனால் இன்னும் வெறி வருகிறது. ஏன்?

வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி, அண்ணே. "மயிரிழையில் தப்பியது" என்பதை மூளை தோல்வியாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. 2009ல் லூக் கிளார்க் குழு சூதாட்ட எந்திரம் போன்ற விளையாட்டை ஆடவைத்து மூளையைப் படம்பிடித்தது. மயிரிழைத் தோல்வியின்போது, ஜெயித்தால் விழிக்கும் பகுதிகளில் சில விழித்தன. எரிச்சலாகவும் இருந்தது, அதேசமயம் இன்னும் ஆட வேண்டும் என்றும் தோன்றியது. 4512 எடுத்தவருக்கு 4513 விழுந்தால் அறிவுப்படி அது வெறும் தோல்வி. மனசு மட்டும் "கிட்ட வந்துட்டோம்" என்னும்.

அந்தச் சூட்டில் உறுதிமொழி எடுப்பது வீண். சூடு இல்லாத நேரத்தில் வேலியைப் போட வேண்டும். நம் ஊர் சூதாட்டக் கூடங்களுக்கு சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் நுழைவுக் கட்டணம் கட்டுகிறோம். 2019 ஏப்ரலில் அது ஒரு நாளைக்கு 100 வெள்ளியிலிருந்து 150 ஆனது. தன்னை உள்ளே விடக்கூடாது என்று ஒருவர் தானே பதிந்துகொள்ளவும் வழி உண்டு, தேசியப் பிரச்சினைச் சூதாட்ட மன்றத்தின் மூலம். நிதானமாக இருக்கும் நான், நிதானம் இழக்கப்போகும் எனக்கு முன்கூட்டியே கதவைச் சாத்துகிறேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் நாத்தனார் விஷயத்தில் செய்ததும் இதையேதான்.

மூச்சை இழுத்துவிடு, நல்லபடியாக யோசி என்கிறார்கள். கோபத்தில் ஒன்றும் வேலைக்கு ஆவதில்லையே?

நியாயமான புகார். விஷயத்தை வேறு கோணத்தில் பார்ப்பது நல்ல முறைதான். ஆனால் அதைச் செய்வதும் அதே முன்மூளை. 2013ல் ஓர் ஆய்வில் பாம்பு, சிலந்திப் படங்களைக் கண்டு வரும் பயத்தைச் சமாளிக்க ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். மறுநாள் மூன்று நிமிடம் பனித்தண்ணீரில் கையை வைக்கச்சொல்லிவிட்டுச் சோதித்தால், கற்றது கைகொடுக்கவில்லை. வெள்ளம் வந்த பிறகு அணை கட்ட முடியாது.

முகத்தில் காட்டாமல் அடக்குவது அதைவிட மோசம். ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகளில், முகத்தை அடக்கியவர்களின் உடம்பு உள்ளே இன்னும் அதிகமாகக் கொதித்தது. அப்போது பேசப்பட்டதும் சரியாக நினைவில் நிற்கவில்லை.

சூட்டிலும் ஓரளவு முடிகிற ஒன்று, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. 2007ல் மேத்யூ லீபர்மன் குழு கோபமான, பயந்த முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பெயர் சொன்னபோது அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது. நம்மிடம் ஒரு சிக்கல்: எல்லாவற்றுக்கும் "டென்ஷன்" என்று ஒரே பெயர். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? எரிச்சல், ஆற்றாமை, அவமானம், பதற்றம், ஏக்கம், சலிப்பு, பொறாமை, மனத்தாங்கல். நாத்தனார்மேல் எனக்கு வந்தது கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்தால் அது மனத்தாங்கல். கோபத்துக்குத் திட்டத் தோன்றும், மனத்தாங்கலுக்குப் பேசத் தோன்றும்.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாதாமே?

சிரிப்பதற்காகக் கேட்டீர்கள், ஆனால் இதற்கும் ஆய்வு இருக்கிறது. அடக்கிக்கொண்டிருப்பவர்கள் பண விஷயத்தில் கூடுதல் பொறுமை காட்டினார்கள் என்று சொன்ன கட்டுரைக்கு 2011ல், சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. வீடு வாங்கும் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் மூன்று குவளை தண்ணீர் குடிக்கும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை.

எப்போது வெளியுதவி தேட வேண்டும்?

கை ஓங்கினால். வேலையோ உறவோ உடைகிற நிலை வந்தால். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றால். முதலில் பலதுறை மருந்தகத்தில் சொல்லலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம், எஸ்ஓஎஸ் உதவித் தொலைபேசி 1767, எந்த நேரமும்.

இவ்வளவு தெரிந்த உங்களுக்குக் கோபமே வராதா, அக்கா?

சாம்பார் உப்புக் கதையை வீட்டில் சொன்னதிலிருந்து, நான் குரலை உயர்த்தினால் என் மகள் "அம்மா, உப்பு கூடிப்போச்சு" என்பாள். பல நாள் சிரித்துவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை சிரிப்பு வரவில்லை. கணக்கு நோட்டை மூடி மேசையில் போட்டேன், போட்டேன் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி, புளோக்கை இரண்டு சுற்று நடந்தேன். காப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு தே ஓ கொசொங் வாங்கி நின்றுகொண்டே குடித்தேன். மேலே வந்தபோது அவள் தூங்கிவிட்டாள். நோட்டு திறந்திருந்தது. கணக்கை அவளே முடித்திருந்தாள், நாலாவது வரியில் ஒரு தப்போடு.